பேர் ஒண்ணு, நம்பர் வேற: பேம் லாகின் கோடை டெபியன்லேந்து ஃப்ரீபிஎஸ்டி, ஆம்னிஓஎஸ் பக்கம் கொண்டுபோன வேலை

எங்க ஆபீஸ்ல பைத்தான்ல எழுதின ஒரு வெப் பேனல் இருக்கு. மெஷின்ல இருக்கற யூசர் அக்கவுன்ட்டையே வெச்சு லாகின் பண்ணிட்டு, அந்த யூசர் பேர்லயே ஜாப் ஓட்டும். அவ்ளோதான் அதோட வேலை. பாஸ்வேர்டை அது தானா செக் பண்ணாது, பேம் (PAM, லாகின் சரிபாக்கற மாட்யூல்களை வேண்டியபடி மாட்டிக்கற பொது லைப்ரரி) கிட்ட குடுத்துட்டு அது என்ன சொல்லுதோ அதைக் கேட்டுக்கும். டெபியன் லினக்ஸ்ல வருஷக்கணக்கா ஓடிட்டு இருந்துச்சு, யாரும் அந்தப் பக்கமே போகல. இப்ப ஃபைல் சர்வரா இருக்கற ஃப்ரீபிஎஸ்டி மெஷின்லயும், ஸ்டோரேஜுக்கு வெச்சிருக்கற ஆம்னிஓஎஸ் பெட்டிலயும் இதே பேனல் வேணும்னு வந்துச்சு. ரெண்டும் லினக்ஸ் இல்ல, யுனிக்ஸ் வழில வந்த வேற ஓஎஸ். மூணுலயும் பேம் இருக்கு, ஃபங்ஷன் பேரெல்லாம் ஒண்ணுதான், அப்பறம் என்ன, காப்பி பண்ணி ஓட்டினா ஆச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க.

ஓடவும் செஞ்சுது. சரியான பாஸ்வேர்ட் போட்டா ஃப்ரீபிஎஸ்டில லாகின் ஆச்சு. பிரச்சனை தப்பான பாஸ்வேர்ட் போட்டப்பதான் வந்துச்சு. டீம்ல இருக்கற தம்பி ஒருத்தன் வந்து "அண்ணே, நான் ஒரே ஒரு தடவதான் தப்பா அடிச்சேன், டொமைன் அக்கவுன்ட்டே லாக் ஆயிடுச்சு"ன்னான். அந்த மெஷின்ல லாகின் கெர்பரோஸ் (டொமைன் சர்வர்கிட்ட டிக்கெட் வாங்கி லாகின் பண்ற முறை) வழியா போகுது, அதனால தப்பான முயற்சியெல்லாம் மேல இருக்கற டொமைன் சர்வர்லதான் எண்ணப்படும். அங்க லாக்ல பாத்தா அதே செகண்ட்ல வரிசையா பல முயற்சி நிக்குது.

கோடைத் திறந்து பாத்தா காரணம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. பைத்தான்லேந்து சிடைப்ஸ் வெச்சு பேம் லைப்ரரியை நேரா கூப்பிட்டிருக்காங்க. சிடைப்ஸுக்கு சி ஹெடர் ஃபைல் (எந்தப் பேருக்கு என்ன நம்பர்னு எழுதியிருக்கற ஃபைல்) எதுவும் தெரியாது, அதனால எரர் நம்பரெல்லாம் கையால எழுதி வெச்சிருக்கு. எல்லாமே லினக்ஸ்-பேம், அதாவது லினக்ஸ்ல இருக்கற பேமோட நம்பர். லினக்ஸ்-பேம்ல பாஸ்வேர்ட் தப்புன்னா 7 வரும், ஆத்தன்டிகேஷன் தகவல் குடுக்கற சர்வரையே புடிக்க முடியலன்னா 9 வரும். ஃப்ரீபிஎஸ்டில இருக்கறது ஓபன்பேம், அதுல பாஸ்வேர்ட் தப்புங்கறதுதான் 9, சர்வர் கிடைக்கலங்கறது 12. அப்ப என்ன ஆச்சு, யூசர் தப்பா அடிச்சதும் 9 வருது, நம்ம கோடு "ஓ, சர்வர் கிடைக்கல போல, திரும்ப ட்ரை பண்ணலாம்"னு அதே தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அனுப்புது, டொமைன் கடுப்பாகி அக்கவுன்ட்டை லாக் பண்ணுது.

இது ஒண்ணு மட்டும்னா நம்பர் டேபிளை மாத்திட்டுப் போயிருக்கலாம். ரெண்டு ஹெடரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தப்பதான் விஷயம் எவ்ளோ மோசம்னு புரிஞ்சுது. 0 ரெண்டுலயும் சக்சஸ். 1லேந்து 5 வரைக்கும் ஒண்ணா வருது, 6லேந்து பிரியுது. லினக்ஸ்ல 10 வந்தா அப்படி ஒரு யூசரே இல்லன்னு அர்த்தம், ஓபன்பேம்ல 10 வந்தா பாஸ்வேர்ட் காலாவதி ஆயிடுச்சு, புதுசு வெக்கணும்னு அர்த்தம். லினக்ஸ்ல அந்த "புதுசு வெக்கணும்" 12. இதுல ஏமாத்தறது என்னன்னா சில நம்பர் ஒத்துப்போகும். ப்ராம்ப்ட் வகை நாலும் (எழுத்து தெரியாம கேக்கறது 1, தெரியறமாதிரி கேக்கறது 2, எரர் 3, தகவல் 4) ரெண்டுலயும் ஒண்ணுதான். சர்வீஸ் பேர், யூசர் பேர், டிடிஒய் (டெர்மினல்) மாதிரி ஐட்டம் நம்பரும் 9 வரைக்கும் ஒண்ணுதான், 10ல போய் ஆளுக்கொரு பக்கம் போகுது. அதனாலதான் டெஸ்ட் பண்றப்ப பாதிக்கு மேல வேலை செஞ்சு, எல்லாம் சரியா இருக்குன்னு தோணிடுது.

இதைவிடப் பயங்கரமானது ஃப்ளாக். பேம்ல செட்கிரெட்னு ஒரு ஃபங்ஷன் கால் இருக்கு, லாகின் ஆன யூசருக்கு கிரெடென்ஷியல் அமைச்சுக் குடுக்கறது அதோட வேலை, கெர்பரோஸ்னா டிக்கெட் ஃபைல் எழுதறது அதுலதான் நடக்கும். "அமைச்சுக் குடு"ங்கற ஃப்ளாக் லினக்ஸ்-பேம்ல 2. ஓபன்பேம்ல 2ன்னா "அழிச்சுடு". ஆமா, அதே நம்பர், நேர் எதிர் அர்த்தம். ஓபன்பேம்ல அமைச்சுக்குடுக்கறது 1. எங்க ஃப்ரீபிஎஸ்டி மெஷின்ல இருக்கற கெர்பரோஸ் மாட்யூல் அழிக்கச்சொன்னா ஒண்ணும் பண்ணாம சக்சஸ்னு திரும்பிடும், அதனால எரர் கிடையாது, லாக்ல வார்னிங்கும் கிடையாது, லாகின் ஆயிடுச்சு, ஆனா டிக்கெட் ஃபைல் மட்டும் இல்ல. ஜாப் ஓடறப்ப என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல் ஷேர்) மவுன்ட்ல பெர்மிஷன் டினைட்னு வரும், நாம மவுன்ட் செட்டிங்கைத் தோண்டிட்டு உக்காந்திருப்போம். சத்தம்போடாம வேலை செய்யுன்னு சொல்ற சைலன்ட் ஃப்ளாக்கும் அப்படித்தான், லினக்ஸ்ல 32768, ஓபன்பேம்ல இன்டிஜரோட மேல்கோடி பிட்டு, அதாவது மைனஸ் 2147483648.

ஏன் இப்படின்னா, பேம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல பொறந்த விஷயம், 1995ல ஓஎஸ்எஃப்ங்கற யுனிக்ஸ் கம்பெனிங்க கூட்டமைப்போட ஆர்எஃப்சி 86.0ன்னு ஒரு டாக்குமென்ட்டா வெளிய வந்துச்சு. லினக்ஸ்காரங்க அதைப் படிச்சிட்டு 1996லயே சொந்தமா எழுதி விட்டுட்டாங்க. எக்ஸ்/ஓபன்ங்கற ஸ்டாண்டர்ட் அமைப்பு அதை எக்ஸ்எஸ்எஸ்ஓன்னு ஸ்டாண்டர்டாக்கப் பாத்தது 1997ல, அதுவும் ப்ரிலிமினரின்ற பேரோடவே நின்னுபோச்சு. ஓபன்பேம் 2002ல ஃப்ரீபிஎஸ்டிக்காக எழுதினது, அது அந்த எக்ஸ்எஸ்எஸ்ஓவையும் சன் பழக்கத்தையும் பாத்து நடந்துச்சு, அப்பறம் நெட்பிஎஸ்டி, மேக்ஓஎஸ் எல்லாம் அதையே எடுத்துகிட்டாங்க. மேக்ஓஎஸ் முன்னாடி லினக்ஸ்-பேம்தான் வெச்சிருந்துச்சு, 10.6ல மாறிச்சு. ஓபன்பிஎஸ்டி மட்டும் இந்த ஆட்டத்துக்கே வரல, பிஎஸ்டி ஆத்னு தனி வழி. எல்லாரும் ஒத்துகிட்டது ஃபங்ஷன் பேர்ல மட்டும்தான், நம்பர் அவங்கவங்க ஹெடர்ல. சி-ல எழுதி அந்தந்த மெஷின்லயே கம்பைல் பண்றவனுக்கு இது தெரியவே தெரியாது, ஹெடர் பாத்துக்கும். ஹெடர் இல்லாம பேசற பைத்தான், கோ, ரஸ்ட் பைண்டிங் எழுதறவன் தலைலதான் விடியும்.

அதனால நம்பர் டேபிள் ரெண்டு செட் வெச்சுக்கற யோசனையைக் கைவிட்டேன். பைத்தான்ல இருந்த சிடைப்ஸ் பகுதியை மொத்தமா எடுத்துட்டு, சி-ல ஒரு சின்ன ஷிம் (பைத்தானுக்கும் பேமுக்கும் நடுவுல நிக்கற இணைப்புக் கோடு) எழுதினேன். அது பேம் ஹெடரை இன்க்ளூட் பண்ணி அந்தந்த மெஷின்ல கம்பைல் ஆகும், வெளிய நம்ம சொந்த நம்பர் மட்டும் குடுக்கும்: உள்ள வரலாம், பாஸ்வேர்ட் தப்பு, அக்கவுன்ட் பூட்டியிருக்கு, பாஸ்வேர்ட் மாத்தணும், சர்வர் கிடைக்கல, மத்த எதா இருந்தாலும் உள் தகராறு. பேம் நம்பர் எதுவும் ஷிம்மைத் தாண்டி வராது. லாக்ல கூட நம்பர் போடல, எரர் நம்பரை வாக்கியமா மாத்தற ஸ்ட்ர்எரர் குடுக்கறதைப் போட்டேன், ஏன்னா ரெண்டு மெஷின் லாகை ஒண்ணா க்ரெப் பண்ணித் தேடறவன் 7ஐப் பாத்து லினக்ஸ் அர்த்தத்துல எடுத்துப்பான், ஓபன்பேம்ல அது அனுமதி மறுப்பு.

இன்னொரு லாபமும் இருந்துச்சு. கான்வர்சேஷன் கால்பேக்ல (பேம் கேள்வி கேக்கறப்ப பதில் சொல்ல நாம எழுதிக் குடுக்கற ஃபங்ஷன்) நாம குடுக்கற பதிலை மாட்யூல்தான் ஃப்ரீ பண்ணும், அதனால அது மேலாக்ல வாங்கின மெமரியா இருக்கணும், பைத்தான் ஸ்ட்ரிங்கை நேரா குடுத்தா க்ராஷ். சிடைப்ஸ்ல கேலாக் கூப்பிட்டு ரிடர்ன் டைப் சொல்லாம விட்டா 64 பிட் பாயின்டர் 32 பிட்டா வெட்டுப்பட்டு வரும். இதெல்லாம் சி பக்கம் போனதும் பேச்சே இல்ல.

ஷிம் டெபியன்லயும் ஃப்ரீபிஎஸ்டிலயும் நல்லா ஓடினதும் ஆம்னிஓஎஸ் பக்கம் போனேன். அது இல்லுமோஸ், அதாவது சன் சோலாரிஸோட நேர் வாரிசு. அங்க கம்பைலே ஆகல. லினக்ஸ்லயும் ஓபன்பேம்லயும் கான்வர்சேஷன் ஃபங்ஷன் வாங்கற மெசேஜ் கான்ஸ்ட் (மாத்தக்கூடாதுன்னு குறிக்கற சொல்), சோலாரிஸ் வழி ஹெடர்ல ரொம்ப நாளா கான்ஸ்ட் கிடையாது. கெட்-ஐட்டம், கெட்-யூசர் ரெண்டுலயும் இதே கதை. முன்னெல்லாம் இது வெறும் வார்னிங், பாத்தும் பாக்காத மாதிரி போயிடலாம், ஜிசிசி கம்பைலர் 14லேந்து பொருந்தாத பாயின்டர் டைப்பு எரராவே நிக்குது. ரிமோட் லாகின் ப்ரோக்ராம் ஓபன்எஸ்எஸ்ஹெச் கோட்ல இதுக்கு ஒரு மேக்ரோ இருக்கு, தேவைப்படற இடத்துல கான்ஸ்ட்னு விரியும், இல்லாத இடத்துல காலியாப் போயிடும். அதே மாதிரி ஒண்ணு வெச்சேன். மெஷின் பேரைப் பாத்து முடிவு பண்ணாம, பில்டு ஸ்க்ரிப்ட்ல ஒரு குட்டி ப்ரோக்ராமைக் கம்பைல் பண்ணிப் பாத்து முடிவு பண்ற மாதிரி வெச்சேன், ஏன்னா ஒரே ஓஎஸ்லயே வெர்ஷனுக்கு வெர்ஷன் இது மாறும்.

அடுத்ததுதான் பேம்லயே ரொம்பப் பழைய வம்பு. கான்வர்சேஷன் ஃபங்ஷனுக்கு மெசேஜ் வரது ரெட்டை ஸ்டார் பாயின்டரா. அதுக்கு ரெண்டு அர்த்தம் சொல்லலாம். லினக்ஸ்-பேம் எடுத்துகிட்டது: இது பாயின்டர்களோட வரிசை, ஒவ்வொரு பாயின்டரும் ஒரு மெசேஜைக் காட்டும். சன் எடுத்துகிட்டது: இது ஒரே ஒரு பாயின்டரைக் காட்டற பாயின்டர், அந்த ஒத்த பாயின்டர் போய் நிக்கற இடத்துல மெசேஜெல்லாம் வரிசையா அடுக்கி இருக்கும். மூல டாக்குமென்ட்ல இது தெளிவா இல்ல, அவங்கவங்க படிச்ச மாதிரி எழுதிட்டாங்க. ஓபன்பேம் இந்த விஷயத்துல லினக்ஸ் பக்கம் நிக்குது. ஒரே ஒரு மெசேஜ் வந்தா ரெண்டு அர்த்தமும் ஒரே இடத்துலதான் போய் நிக்கும், அதனால பாஸ்வேர்ட் கேக்கற சாதாரண லாகின்ல இது வெளியவே வராது. ரெண்டு மெசேஜ் சேந்து வந்தாதான் குட்டு உடையும், ரெண்டாவது மெசேஜைத் தேடிப்போய் சம்பந்தமே இல்லாத மெமரியைப் படிச்சு செக்மென்டேஷன் ஃபால்ட்னு ப்ரோக்ராமே விழும்.

அதுவா வரட்டும்னு காத்திருக்காம, மூணு மெசேஜை ஒரே கால்ல அனுப்பற ஒரு டெஸ்ட் மாட்யூல் எழுதி டெஸ்ட்டுக்குன்னு தனி சர்வீஸ் பேர்ல மாட்டினேன். ஆம்னிஓஎஸ்ல உடனே விழுந்துச்சு, சந்தோஷமா இருந்துச்சு. கால்பேக்ல மெசேஜ் எடுக்கற இடத்தை ஒரு மேக்ரோவுக்குள்ள தள்ளி, சன் வழிக்கு ஒரு மாதிரி, மத்ததுக்கு ஒரு மாதிரின்னு பிரிச்சேன். ஓபன்எஸ்எஸ்ஹெச்சும் இதைத்தான் பண்ணுது. நீங்க மாட்யூல் எழுதற பக்கம் இருந்தீங்கன்னா பிரிக்கவே வேணாம், மெசேஜெல்லாம் ஒரே வரிசையா அடுக்கி, பக்கத்துல ஒரு பாயின்டர் வரிசையும் வெச்சு ஒவ்வொண்ணையும் அந்தந்த மெசேஜுக்குக் காட்டிட்டா, யார் எந்த அர்த்தத்துல படிச்சாலும் சரியா வரும். என் டெஸ்ட் மாட்யூல்ல அதை வேணும்னே பண்ணல, உடையறதைப் பாக்கத்தானே எழுதினது.

இன்னும் ஒரு சண்டை, செட்கிரெட் முதல்லயா ஓபன் செஷன் முதல்லயா. லினக்ஸ்-பேம் மேன் பேஜ் செட்கிரெட்டை செஷன் திறக்கறதுக்கு முன்னாடி கூப்பிடுன்னு சொல்லுது. சோலாரிஸ் மேன் பேஜ் செஷன் திறந்தப்பறம் கூப்பிடறதுதான் வழக்கம்னு சொல்லுது. ரெண்டும் நேரெதிர், எழுத்துலயே இருக்கு. நான் ஷிம்ல சன் வழிக்கு மட்டும் வரிசையை மாத்திட்டேன். செட்கிரெட் தப்பா திரும்பினா லாகினையே ரத்து பண்றதான்னு ஒரு கேள்வி இருக்கு, வேற யூசரா கமாண்ட் ஓட்டற சூடோ (sudo) ப்ரோக்ராமோட கோட்ல அதைக் கண்டுக்காம விடறாங்க, காரணமும் எழுதியிருக்காங்க: லோக்கல்ல இல்லாத யூசருக்கு எல்டாப் (நெட்வொர்க் டைரக்டரில யூசரைத் தேடறது) மாட்யூல் சரின்னு சொல்லும், ஆனா மாட்யூல் வரிசைல முதல்ல நிக்கற யுனிக்ஸ் மாட்யூல் செட்கிரெட்ல கைவிரிக்கும், அதை நம்பினா சரியான யூசரை வெளிய தள்ளிடுவோம். அதனால லாக்ல எழுதிட்டு மேல போற மாதிரி வெச்சேன். அக்கவுன்ட் செக் மட்டும் கண்டிப்பு, அது தப்பினா லாகின் இல்ல. பாஸ்வேர்ட் சரின்னதும் உள்ள விட்டுடற கோடு நிறைய பாத்திருக்கேன், காலாவதியான அக்கவுன்ட்டும் ஜம்முன்னு உள்ள வரும்.

கோடு முடிஞ்சுது, கான்ஃபிக் ஃபைல்ல பாதி நாள் போச்சு. டெபியன் ஃபைலை ஃப்ரீபிஎஸ்டிக்குக் காப்பி பண்ண முடியாது. @ போட்டு இன்க்ளூட் பண்றது டெபியன் வழக்கம், ஸ்கொயர் ப்ராக்கெட்டுக்குள்ள "சக்சஸ்னா ஒண்ணைத் தாண்டு, இல்லன்னா கண்டுக்காதே"ன்னு எழுதறது லினக்ஸ்-பேம் மட்டும் புரிஞ்சுக்கும், ஓபன்பேம் அதை ஏத்துக்காது. பதிலுக்கு ஓபன்பேம்லயும் சோலாரிஸ்லயும் பைண்டிங்னு ஒரு சொல் இருக்கு, லினக்ஸுக்கு அது தெரியாது. மூணுக்கும் பொதுவா இருக்கற ரெக்வயர்ட், ரெக்விசிட், சஃபிஷியன்ட், ஆப்ஷனல்ங்கற நாலுக்குள்ளயே எழுதிட்டா தலைவலி கம்மி. சஃபிஷியன்ட்டை மட்டும் கடைசி வரில வெக்காதீங்க, அது தோத்தா கணக்குல எடுக்காம விடற சொல்லு, ஃப்ரீபிஎஸ்டி டாக்குமென்டேஷனே அது குழப்பும், முடிஞ்சா பைண்டிங் போடுன்னு சொல்லுது.

ஆம்னிஓஎஸ்ல யுனிக்ஸ் மாட்யூல்ங்கறதே ஒரு ஆள் இல்ல, ஒரு கூட்டுக் குடும்பம். பாஸ்வேர்ட் கேட்டு வாங்கறது ஒரு மாட்யூல், சரியான்னு பாக்கறது இன்னொண்ணு, கிரெடென்ஷியல் வெக்கறது மூணாவது. சரிபாக்கற வரியை மட்டும் எழுதிட்டு கேட்டு வாங்கற வரியை விட்டா, ப்ராம்ப்ட்டே வராம லாகின் தோத்துப்போகும். ஃபைலும் பழைய வழக்கத்துல /etc டைரக்டரிக்குள்ள ஒரே பேம்.கான்ஃப், அதுல ஒவ்வொரு வரிலயும் முதல் சொல் சர்வீஸ் பேர்.

நம்ம பேனலுக்குன்னு எழுதற சர்வீஸ் ஃபைலையே வெக்க மறந்தா என்ன ஆகும்னும் பாத்துக்கங்க. எல்லாத்துலயும் அதர்ங்கற பாலிசிக்குப் போகும், ஆனா அந்த அதர் ரெட் ஹேட் குடும்பத்துல எல்லாருக்கும் கதவை மூடும், டெபியன்லயும் ஃப்ரீபிஎஸ்டிலயும் சாதாரண பாஸ்வேர்ட் செக் பண்ணி உள்ள விடும். ஒரு இடத்துல "லாகின் ஆகல"ன்னு கம்ப்ளைன்ட் வரும், இன்னொரு இடத்துல நீங்க நெனச்ச ரூல் எதுவும் இல்லாம ஜனம் உள்ள வந்துட்டு இருக்கும். ரெண்டாவதுதான் ஆபத்து, ஏன்னா யாரும் கம்ப்ளைன்ட் பண்ண மாட்டாங்க. அதனால பேனல் ஸ்டார்ட் ஆகறப்பவே சர்வீஸ் ஃபைல் இருக்கான்னு பாத்து, இல்லன்னா கிளம்பவே மாட்டேன்னு நிக்கற மாதிரி பண்ணிட்டேன்.

டெஸ்ட் மாட்யூலை ஹோம் டைரக்டரில வெச்சு ஃபுல் பாத் குடுத்தா டெபியன்ல லோட் ஆகும், ஃப்ரீபிஎஸ்டில ஆகாது. ஓபன்பேம் மாட்யூல் ஃபைலோட ஓனரையும் பெர்மிஷனையும் பாக்கும், ரூட் இல்லன்னா ஓட்டற ஆளோடதா இருக்கணும், க்ரூப்போ மத்தவங்களோ எழுதற மாதிரி இருக்கக்கூடாது, மேல இருக்கற டைரக்டரிங்களுக்கும் அதே சட்டம். நம்ம ஹெல்ப்பர் ரூட்டா ஓடுது, மாட்யூல் என் பேர்ல இருக்கு, அதனால மாட்டேன்னுடுச்சு. நல்ல பழக்கம்தான், லினக்ஸ்லயும் இருந்தா நல்லாருக்கும்.

ஹெல்ப்பர்னு சொன்னேன்ல, அதான் கடைசி மாத்தம். முன்னாடி பேம் கால் வெப் ப்ராசஸுக்குள்ளயே த்ரெட்ல ஓடிட்டு இருந்துச்சு. டெபியன்ல யுனிக்ஸ் மாட்யூலுக்கு ஷேடோ க்ரூப் உரிமையோட ஓடற ஒரு செட்ஜிஐடி உதவி ப்ரோக்ராம் இருக்கு, ரூட் இல்லாத ப்ராசஸும் அதை வெச்சு தன்னோட பாஸ்வேர்டை மட்டும் சரிபாக்கலாம், ஸ்க்ரீன் லாக்கெல்லாம் அப்படித்தான் ஓடுது. ஃப்ரீபிஎஸ்டில பாஸ்வேர்ட் ஹாஷ் மாஸ்டர்.பாஸ்வேர்ட் ஃபைல்ல, ரூட்தான் படிக்கலாம். நமக்கு எப்படியும் மத்தவங்க பாஸ்வேர்டைப் பாக்கணும், ஜாப் ஓட்ட யூசர் மாறணும், அதனால ரூட்டா ஒரு குட்டி ஹெல்ப்பர், வெப் ப்ராசஸ் அதுகிட்ட பைப்ல பேசும், ஒரு லாகினுக்கு ஒரு ஃபோர்க். மாட்யூல் எல்லாம் த்ரெட்டுக்குப் பயப்படாம எழுதினதுன்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல, ஒண்ணு க்ராஷ் ஆனாலும் அந்த ஒரு சைல்டு ப்ராசஸோட போகும். ஆத்தன்டிகேட் முடிஞ்சதும் யூசர் பேரைத் திரும்ப பேம்கிட்டயே கேட்டு எடுத்துக்கறேன், மாட்யூல் அதை மாத்தலாம், ஃபார்ம்ல அடிச்ச பேரை நம்பி செட்யூஐடி பண்ணி அந்த யூசரா மாறக்கூடாது.

இப்ப மூணு மெஷின்லயும் ஒரே ஸ்க்ரிப்ட், பேமை டெஸ்ட் பண்ற பேம்டெஸ்டர் டூல் மாதிரி, சரியான பாஸ்வேர்ட், தப்பான பாஸ்வேர்ட், இல்லாத யூசர், காலாவதியான அக்கவுன்ட், மூணு மெசேஜ் மாட்யூல் எல்லாத்தையும் ஓட்டிப் பாக்குது. தோத்ததும் கொஞ்சம் தாமதிக்கற ஃபெயில்-டிலே மட்டும் லினக்ஸ்-பேம்ல மட்டுமே இருக்கற கால், அதை இருந்தா கூப்பிடு, இல்லன்னா ஹெல்ப்பர்லயே தூங்குன்னு வெச்சேன். பாக்கி இருக்கறது பேம்-எக்ஸெக் (லாகின் நடுவுல வெளி ப்ரோக்ராம் ஓட்டற மாட்யூல்) ஸ்க்ரிப்ட், லினக்ஸ் அதுக்கு எந்தக் கட்டம்னு பேம்_டைப் வேரியபிள்ல சொல்லுது, ஃப்ரீபிஎஸ்டி பேம்_எஸ்எம்_ஃபங்க் வேரியபிள்ல முழு ஃபங்ஷன் பேரையே குடுக்குது, அதை ரெண்டையும் படிக்கற மாதிரி அடுத்த வாரம் மாத்தணும்.